பூனைக்குட்டிக்கு ‘தற்காலிக வீடு’ தர்றீங்களா? சட்டப்படி நீங்கதான் ‘ஓனர்’!

புதுச்சேரியிலிருந்து கடலூர் போற ரோட்டில், கிருமாம்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது பிள்ளையார்குப்பம். மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர் என்பதால் வாடகைக்குத் தங்கியிருக்கும் மாணவர்களும் நர்ஸுகளும் இங்கே உண்டு. நைட் டியூட்டி முடிச்சு வர்ற ஒருத்தர் மாடிப்படிக்குக் கீழே மூணு பூனைக்குட்டிகளைப் பார்க்கிறார்னு வெச்சுக்கோங்க. அட்டைப்பெட்டி, பழைய துண்டு, ஒரு போட்டோ, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்: “வீடு கிடைக்கும் வரை என்கிட்ட இருக்கும். யாருக்காவது வேணுமா?”

இதைத்தான் ‘ஃபாஸ்டரிங்’ என்கிறோம். நல்ல விஷயம்தான். ஆனா அந்த ‘வரை’ எப்போ முடியும்ங்கிறதுலதான் மொத்தச் சிக்கலும் இருக்கு.

பூனைன்னா ஏன் யாரும் பேசறதில்லை?

தெரு நாய் பற்றி நாடே விவாதிக்கிறது. பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலைய வளாகங்களிலிருந்து நாய்களை அகற்ற வேண்டும், பிடித்த இடத்திலேயே திரும்ப விடக்கூடாது என்று 2025 நவம்பர் 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023-ல் வந்த விலங்குகள் கருத்தடை விதிகளிலும் பெரும்பகுதி நாய்களைப் பற்றியதுதான். வளாகத்தில் திரியும் பூனை இந்த விவாதத்துக்குள்ளேயே வரவில்லை.

பூனைக்கு அரசு தரப்பில் இடம் இல்லைன்னா என்ன ஆகும் என்பதற்கு 2020-ல் சென்னைத் துறைமுகத்தில் நடந்தது ஒரு உதாரணம். சீனாவிலிருந்து வந்த கன்டெய்னரில் ஒரு பூனை இருந்தது. கொரோனா பயம் உச்சத்தில் இருந்த நேரம். திருப்பி அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்ற இழுபறியில் வாரக்கணக்கில் அது கூண்டிலேயே கிடந்தது. கடைசியில் பீட்டா இந்தியா அமைப்பு பொறுப்பேற்ற பிறகுதான் வெளியே வந்தது. சென்னையிலேயே இப்படின்னா, பாகூர் கொம்யூனில் அட்டைப்பெட்டியோடு நிற்கிறவருக்கு என்ன வழி? அவர் வீட்டு ரூம்தான் காப்பகம்.

முதல்ல, எடுக்கணுமா?

இது நிறைய பேர் கேட்காத கேள்வி. பாகூர் நெல் விளையும் பகுதி. கிழக்கே போனால் நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் என்று மீனவர் ஊர்கள். இந்தப் பக்கம் பூனை என்பது பெரும்பாலும் ‘யாருடையதும் இல்லாத, எல்லாருடையதுமான’ பிராணி. நாலு வீட்டில் மீன் தலை சாப்பிடும், எலி பிடிக்கும், அஞ்சாவது வீட்டுப் பரணில் குட்டி போடும். நகரத்துக் கண்ணுக்கு அது அநாதையாகத் தெரியலாம்.

தாய்ப்பூனை குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி இடம் மாற்றும். இரை தேடியும் போகும். குட்டிகள் சத்தமில்லாமல் சுருண்டு தூங்குதுன்னா, அம்மா பக்கத்திலேயே இருக்க வாய்ப்பு அதிகம். தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்க. காயம், எறும்பு, மழை, நடுரோடு மாதிரி உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். தாயிடமிருந்து குட்டியைத் தூக்கி வந்துவிட்டு அதை ‘மீட்பு’ன்னு சொல்றது நமக்கு நாமே சொல்லிக்கிற பொய்.

எடுத்தாச்சு. இனி?

கண் திறக்காத குட்டி என்றால் முதல் வேலை பால் இல்லை, சூடு. 4 வாரம் வரை உடல் வெப்பத்தைத் தானாகக் காத்துக்கொள்ள முடியாது. உடம்பு சில்லென்று இருக்கும்போது பால் கொடுத்தால் செரிக்காது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றிய பிறகே உணவு. அதுவும் பசும்பால் வேண்டாம், வயிற்றுப்போக்கு வரும். பூனைக்குட்டிக்கான பால் பவுடர்தான் சரி. 2 வாரத்துக்குள் இருக்கும் குட்டிக்கு 2 முதல் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, நள்ளிரவிலும் கொடுக்கணும். மல்லாத்தாமல், கவிழ்ந்த நிலையில் வைத்துக் கொடுக்கணும். இல்லைன்னா பால் நுரையீரலுக்குப் போயிடும். ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் தடவினால்தான் மூத்திரமே போகும். இதை அம்மா நாக்கால் நக்கிச் செய்யும். ஷிஃப்ட் வேலையில் இருப்பவர் தனியாக இதைச் செய்ய முடியாது, நேர்மையாகச் சொல்லணும்னா.

சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் தினமும் எடை பாருங்க. நாளுக்கு 10 கிராமாவது ஏறணும். ஏறாத நாள் டாக்டரிடம் போற நாள். 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி, 3 மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி. இடையில் குட்டி கீறினாலோ கடித்தாலோ 15 நிமிஷம் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்க. ‘குட்டிதானே’ன்னு விடாதீங்க.

சட்டம் என்ன சொல்லுது?

இதுதான் பலருக்குத் தெரியாத இடம். 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் ‘உரிமையாளர்’ என்ற சொல்லுக்கு விளக்கம் இருக்கிறது: அந்த நேரத்தில் விலங்கைத் தன் வசம் வைத்திருப்பவரும் உரிமையாளர்தான். ‘நான் சும்மா பார்த்துக்கிறேன்’ என்பது சட்டத்தில் தனி வகை இல்லை. பசி, தாகத்தில் தவிக்கும் நிலையில் கைவிட்டால் 11-வது பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஆமாம், ஒரு பிரியாணி விலைகூட இல்லை! பொறுப்பைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, தண்டனையை 1960-லேயே விட்டுவிட்டார்கள்.

ஆக, ஹவுஸ் ஓனர் ‘பூனை கூடாது’ன்னு சொல்லும்போதோ, டிரான்ஸ்ஃபர் வரும்போதோ, அந்தக் குட்டிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கதான்.

வீடு ஏன் கிடைக்கமாட்டேங்குது?

கறுப்புக் குட்டி என்றால் ‘குறுக்கே போனா ஆகாது’. பெண் குட்டி என்றால் ‘குட்டி போட்டுக்கிட்டே இருக்கும்’. மிச்சம் இருப்பவர்களில் சிலருக்கு பெர்ஷியன்தான் வேணும்.

முதல் காரணம் மூடநம்பிக்கை. இரண்டாவது அப்படி இல்லை, உண்மையான பயம். பெண் பூனை 4 மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். கர்ப்பம் 9 வாரம்தான். பகல் நீளமாக இருக்கும் காலத்தில் இனப்பெருக்கம் செய்யும் உயிர் அது. நம்ம ஊரில் பகல் பெரிதாகக் குறைவதே இல்லை. கருத்தடை இல்லாமல் ஒரு குட்டியைத் தத்துக் கொடுத்தால், ஒரு வருஷத்துக்குள் இன்னொரு மாடிப்படிக்குக் கீழே இன்னொரு அட்டைப்பெட்டி வரும்.

அதனால் ஸ்டேட்டஸ் போடுவதற்கு முன்னால் ஆபரேஷனுக்கு வழி பாருங்க. புதுச்சேரிப் பகுதியில் குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே எப்போது, எப்படிச் செய்ய முடியும் என்று முன்கூட்டியே விசாரிக்கலாம். உங்களுக்கு டியூட்டி விழுகிற நாளில் பார்த்துக்கொள்ள இன்னொரு வீட்டையும் முதல் நாளே பேசிவையுங்க. 8 வாரத்துக்கு முன்னால் குட்டியைக் கொடுக்காதீங்க. வாங்குபவரின் வீட்டை நேரில் பாருங்க, ஜன்னலுக்கு வலை இருக்கான்னு கேளுங்க, ஆபரேஷன் தேதியை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்க. அந்தத் தாளின் கடைசி வரியாக இதையும் சேர்த்துக்கோங்க: “வைத்துக்கொள்ள முடியாமல் போனால், தெருவில் விடாமல் என்னிடமே திருப்பித் தருவேன்.”