குழந்தையின் பெயரால் ஒரு ராஜபாட்டை

ஊருக்குப் புறப்படுவது என்பது நம் வீடுகளில் சாமானியமான காரியம் அல்ல. கூண்டு வண்டி கட்டிக்கொண்டு குலதெய்வத்தின் கோயிலுக்குப் போய் வந்த காலத்திலேயே அதற்கு ஒரு சாஸ்திரம் இருந்தது. வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும், மனிதருக்குப் புளியோதரையும், குழந்தைகளுக்கு முறுக்கும், யாருக்காவது வயிற்றுவலி கண்டால் ஓமமும் எடுத்து வைத்த பிறகே மாடு பூட்டுவார்கள். அப்படியும் பாதி வழியில், "அடடா, கூஜாவை மறந்துவிட்டோமே!" என்று ஒரு குரல் எழாமல் இருந்ததில்லை.

மறந்த கூஜாவின் ஞாபகம் இப்போது நமக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் வாசம் செய்யும் நேயர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மனைவியையும், பத்து வயதும் ஆறு வயதுமான இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, வருகிற ஜூலை மாதம் அந்தக் கண்டத்தின் பாலைநிலத்தை ஜீப் வண்டியில் கடக்க அவருக்கு உத்தேசமாம். மேற்கே லேவர்ட்டன் என்ற சிற்றூரிலிருந்து கிழக்கே கூபர் பீடி என்ற சிற்றூர் வரையில் ஏறக்குறைய 1,325 கிலோமீட்டர் தூரம். அந்த வழிக்கு 'ஆன் பீடெல் ராஜபாட்டை' என்று பெயர். எடுத்துப்போகும் சாமான்களின் ஜாபிதாவையும் கடிதத்துடன் இணைத்து, "இதில் ஏதாவது விட்டுப் போயிருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

ஜாபிதாவைப் படித்துப் பிரமித்துப்போனோம். வண்டியின் கூரைமேல் விரித்துக்கொள்ளும் கூடாரம், குளிர்ப்பெட்டி, வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடு, உபரி பாட்டரி, இரண்டு உபரி டயர்கள், டயருக்குக் காற்றடிக்கும் கருவி, மண்வெட்டி, சாட்டிலைட் டெலிபோன், ஆபத்து நேர்ந்தால் இருக்குமிடத்தை ஆகாயத்துக்கு அறிவிக்கும் ஒரு சிறு யந்திரம் என்று இரண்டு பக்கம் நிறைந்திருக்கிறது. குழந்தைகளின் சதுரங்கப் பலகையைக்கூட அவர் விட்டுவிடவில்லை. ஆனாலும் நம் அபிப்பிராயத்தில் அதில் ஒன்று குறைந்திருக்கிறது. ஒன்று அடியோடு விட்டுப்போயிருக்கிறது.

குறைந்திருப்பதை முதலில் சொல்லிவிடுவோம். அது ஜலம். நேயர் 120 லிட்டர் என்று எழுதியிருக்கிறார். லேவர்ட்டனுக்கும் கூபர் பீடிக்கும் நடுவே இல்குர்க்கா என்ற ஓரிடத்தில் மட்டுமே கடை உண்டு. டீசலும் தண்ணீரும் அங்கே கிடைக்கும். அதைத் தாண்டினால் ஏறக்குறைய 770 கிலோமீட்டருக்கு ஒன்றும் இல்லை. அந்த வழியில் நாளொன்றுக்கு 150, 160 கிலோமீட்டர் போனாலே அதிகம். ஆகவே ஐந்து நாள் ஆகும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 7 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் நால்வருக்கு 140 லிட்டர். வண்டி நின்றுபோனால் உதவி வந்து சேரும் வரையில் இன்னும் மூன்று நாளுக்கு 84 லிட்டர். மொத்தம் 224 லிட்டர். அதை ஒரே தொட்டியில் வைப்பது பிசகு. தொட்டியில் ஒரு கல் பட்டு ஓட்டை விழுந்தால் குடும்பத்தின் கதி என்ன? நாலைந்து பாத்திரங்களில் பிரித்து, வண்டியின் தரையோடு தரையாக வைக்க வேண்டும். கூரைமேல் ஏற்றிய பாரம் சாய்வான இடத்தில் வண்டியையே கவிழ்த்துவிடும்.

வண்டியின் சக்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண மோட்டாரில் இரண்டு சக்கரங்களைத்தான் எஞ்சின் சுழற்றுகிறது. மணலில் அவை வழுக்கத் தொடங்கினால் தமக்குத் தாமே குழி தோண்டிக்கொள்கின்றன. மற்ற இரண்டும் வேடிக்கை பார்க்கின்றன. ஜீப்பிலோ நான்கு சக்கரங்களும் உழைக்கின்றன. அதோடு, மனிதன் நடக்கிற வேகத்தில் மிகுந்த பலத்துடன் ஊர்ந்து செல்வதற்கென்று தனியாக ஒரு கியர் வரிசையும் உண்டு. ஆனால், மணலைக் கடக்க எஞ்சினைவிடப் பெரிய உபாயம் டயரிலிருந்து காற்றை இறக்குவதுதான். 36 பவுண்டு காற்றை 18 பவுண்டாகக் குறைத்தால் டயர் தரையில் நீளமாகப் படிகிறது. குதிரையின் குளம்பு புதைகிற மணலில் ஒட்டகத்தின் பாதம் புதையாமல் நடக்கிறதல்லவா? அந்தத் தத்துவந்தான் இது. கெட்டியான தரை வந்ததும் மறுபடி காற்றை ஏற்றிக்கொள்ள வேண்டும்.

வழியின் பெரும்பகுதி தகரக் கூரையைப்போல வரிவரியாக மேடும் பள்ளமுமாக இருக்கும். வேகமாக ஓடிய சக்கரங்கள் துள்ளித் துள்ளி விழுந்து உண்டாக்கிய வரிகள் அவை. அவற்றின்மேல் நாள் முழுதும் குலுங்கினால் திருகாணிகள் தாமாகவே கழன்று விழும். ஆகவே, ஒவ்வொரு நாள் சாயங்காலமும் அடுப்புப் பற்றவைக்கும் முன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். பத்து வயதுப் பையனுக்கு இந்த வேலையைக் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வான்.

எல்லாவற்றிலும் முக்கியமான விதி ஒன்று. வண்டி நின்றுபோனால் அதைவிட்டு நடக்கவே கூடாது. ஆகாயத்திலிருந்து தேடுகிறவர்களுக்கு வண்டி தெரியும், மனிதன் தெரியமாட்டான். நிழலும் தண்ணீரும் இருப்பதும் வண்டியில்தான். இதைக் குழந்தைகளுக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லி வைக்க வேண்டும்.

இனி, அடியோடு விட்டுப்போன விஷயத்துக்கு வருவோம். அதைச் சொல்வதற்கு இந்த ராஜபாட்டையின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

ராஜபாட்டை என்ற பெயரைக் கேட்டு நேயர்கள் இரு பக்கமும் புளியமரம் நட்ட சாலையைக் கற்பனை செய்ய வேண்டாம். செம்மண்ணில் ஒரு வண்டி போகும் அகலத்துக்குப் புதரை நீக்கிய தடம், அவ்வளவுதான். அதை ராஜபாட்டை என்று வேடிக்கையாக அழைத்தவர் அதைப் போட்ட லென் பீடெல் என்ற நில அளவைக்காரர். 1923-ல் பிறந்து 1995-ல் காலமான இவர், ஒரு சிறு கூட்டத்தை வைத்துக்கொண்டு 6,000 கிலோமீட்டருக்கு மேல் பாலைநிலத்தில் தடம் போட்டார். அவர் லாண்ட் ரோவர் ஜீப்பில் முட்புதரை முட்டிக்கொண்டு முன்னே போவார். கண்ணாடியால் வெயிலைப் பிரதிபலித்துத் தாம் இருக்கும் திசையைக் காட்டுவார். அந்த ஒளியைக் குறிவைத்துப் பின்னால் புல்டோசர் வரும். அதன் பின்னால் மண்ணை மட்டம் செய்யும் யந்திரம் வரும். இரவில் தியோடலைட் கருவியால் நக்ஷத்திரங்களை அளந்து, பூகோளத்தில் தாம் நிற்கும் இடத்தைக் கணக்கிடுவார். அந்தக் கணக்கை அலுமினியத் தகட்டில் பொறித்து மரத்திலோ கம்பத்திலோ அடித்து வைப்பார்.

1961-ல் இவருக்கு விவாகம் ஆயிற்று. மனைவி ஆன் வீட்டில் காத்திருக்கச் சம்மதிக்கவில்லை. அவளும் ஜீப்பில் ஏறிக்கொண்டாள். 1962-ல் வார்பர்ட்டனுக்கும் ராலின்னாவுக்கும் இடையே புதிய வழி ஒன்றைப் பார்த்து வரக் கிளம்பியபோது கைக்குழந்தையான கானி ஸூவும் உடன் சென்றது. அந்த வழிக்கு இன்றளவும் 'கானி ஸூ ராஜபாட்டை' என்றே பெயர். மகன் கேரியின் பெயரால் ஒரு ராஜபாட்டையும், இளைய மகள் ஜாக்கியின் பெயரால் ஒரு சந்திப்பும் உண்டு. அந்தப் பாலைநிலத்தில் ஒரு தகப்பன் தன் குழந்தைகளின் பெயரைப் பூமியின்மேல் எழுதி வைத்தான். இதைப் படிக்கிறபோது யாருக்குத்தான் மனம் நெகிழாது?

நமக்கும் நெகிழ்ந்தது. ஆனால், அந்தப் பாலைநிலத்தில் இவ்வளவு தடம் எதற்காகப் போட்டார்கள் என்று கேட்டதும் நெகிழ்ச்சி நின்றுவிட்டது.

பிரிட்டிஷ் சர்க்கார் தங்கள் ராக்கெட்டுகளையும் அணுகுண்டுகளையும் சோதித்துப் பார்ப்பதற்கு ஓரிடம் தேடினார்கள். தங்கள் தீவில் அதற்கு இடமில்லை. ஆஸ்திரேலிய சர்க்கார் இடங்கொடுக்கச் சம்மதித்தனர். 1953 அக்டோபரில் ஈமு என்ற இடத்தில் இரண்டு அணுகுண்டுகள் வெடித்தன; அந்த இடத்தைத் தேர்ந்துகொடுத்தவரும் பீடெல்தான். பிறகு, அதற்குத் தெற்கே மாரலிங்காவில் 1956-லும் 1957-லுமாக ஏழு குண்டுகள் வெடித்தன. ஆன் பீடெல் ராஜபாட்டை ஈமுவின் வழியாகவே செல்கிறது. குண்டு வெடித்த இடங்களில் இன்று எச்சரிக்கை எழுதிய ஸ்தூபிகள் நிற்கின்றன.

தேசப்படத்தில் அந்தப் பிரதேசம் காலியாக இருந்தது. படத்தில் காலி என்றால் பூமியிலும் காலி என்று அதிகாரிகள் எண்ணினார்கள். உண்மையில் அங்கே எண்ணற்ற தலைமுறைகளாக மக்கள் வாழ்ந்து வந்தார்கள். எந்தப் பாறைக் குழியில் எந்த மாதம் தண்ணீர் நிற்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அவர்களைக் கண்டுபிடித்து அப்புறப்படுத்தும் பொறுப்பு விரல்விட்டு எண்ணக்கூடிய சில ரோந்து உத்தியோகஸ்தர்களிடம் விடப்பட்டிருந்தது.

1957 மே மாதத்தில் ஒரு குடும்பம் அந்தப் பூமியில் நடந்துகொண்டிருந்தது. தகப்பன், தாய், ஒரு பையன், ஒரு பெண், கூட வேட்டை நாய்கள். தாய் கர்ப்பிணி. அவர்களுக்கு ஜீப் இல்லை, ஜாபிதாவும் இல்லை. தெற்கே ஊல்டியா என்ற நீர்நிலையை நோக்கி முன்னோர் நடந்த வழியிலேயே நடந்தார்கள். ஊல்டியாவில் இருந்த கிறிஸ்தவ மிஷன் 1952-லேயே மூடப்பட்டது அவர்களுக்குத் தெரியாது. இரவு தங்கிய இடத்தில் பெரிய பள்ளம் ஒன்று இருந்தது. அது முந்திய அக்டோபரில் அணுகுண்டு தோண்டிய பள்ளம் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. சிப்பாய்கள் அவர்களைக் கண்டு, குளிப்பாட்டி, யந்திரத்தால் சோதித்து, நாய்களைச் சுட்டுக் கொன்றுவிட்டு, யாலட்டா என்ற ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தாய்க்குப் பிறந்த குழந்தை உயிருடன் இல்லை. பார்த்த சிப்பாய்களுக்கு வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. 1984-லும் 1985-லும் ராயல் கமிஷன் விசாரித்தபோது அந்தத் தாயே வந்து சாக்ஷி சொன்னாள்.

ஐந்து வருஷ இடைவெளியில், ஒரே பாலைநிலத்தில், இரண்டு குடும்பங்கள் குழந்தைகளுடன் பிரயாணம் செய்தன. ஒரு குழந்தையின் பெயர் தேசப்படத்தில் ஏறியது. இன்னொரு குழந்தைக்குப் பெயரிடவே வேளை வரவில்லை. பீடெல் என்ற தனி மனிதரின்மேல் நாம் பழி சுமத்தவில்லை. அவர் இட்ட வேலையைத் திறமையாகச் செய்தவர். ஆனால், பிறர் வீட்டைக் காலி மனை என்று நினைத்து அளக்கத் தொடங்கும் புத்தி எப்படிப்பட்டது என்று நம் தேசத்தாருக்கு யாரும் வியாக்கியானம் செய்து காட்ட வேண்டியதில்லை.

கதை அத்துடன் முடியவில்லை என்பதுதான் சந்தோஷம். 1984-ல் சட்டம் செய்து மாரலிங்கா ஜாருட்ஜா மக்களுக்கு அவர்களுடைய நிலத்தின் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். குண்டு வெடித்த இடம் சுத்தம் செய்யப்பட்டு 2009-ல் அவர்கள் கைக்கு வந்தது. மேற்கே ஸ்பினிபெக்ஸ் மக்களின் உரிமையை 2000-ல் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. நம் நேயர் டீசலும் தண்ணீரும் வாங்கப்போகிற இல்குர்க்காக் கடை இருக்கிறதே, அது அந்த ஸ்பினிபெக்ஸ் மக்களுடைய கடைதான்.

ஆகவே, நேயரின் ஜாபிதாவில் விட்டுப்போனது அனுமதிச் சீட்டு. அந்த வழியில் போவதற்கு நிலத்துக்கு உரியவர்களிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி பெற வேண்டும். ராக்கெட் சோதனைப் பிரதேசம் இன்னும் ராணுவத்தின் வசம் இருப்பதால் அவர்களிடமும் தனியாகப் பெற வேண்டும். சிலர் இதை வீண் தொந்தரவு என்று முணுமுணுப்பதாகக் கேள்வி. நமக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வீட்டின் திண்ணைக்கு வந்தவர், "உள்ளே வரலாமா?" என்று கேட்டுவிட்டு நுழைவதில்லையா? அதே மரியாதைதான் இது.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா என்று நேயரின் மனைவி கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். அவசியம் அழைத்துப் போங்கள், அம்மா! ஜூலை மாதத்து இரவில் குளிர் கடுமையாக இருக்கும். கம்பளி இன்னும் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தில் பழைய அலுமினியத் தகடு தென்பட்டால், நக்ஷத்திரத்தைக் கொண்டு பூமியை அளந்த கெட்டிக்காரரின் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். ஈமுவில் ஸ்தூபியைப் பார்த்ததும், நடந்து வந்த அந்தக் குடும்பத்தின் கதையையும் சொல்லுங்கள். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விட்டுவிட வேண்டாம்.

திரும்பி வந்து எழுதுங்கள். கூஜாவை மறந்தீர்களா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.