நோயாளியின் நாளேடு

இத்திங்கள் நம் சொந்த இல்லத்துச் செய்தியையே எழுத நேர்ந்தமைக்கு நேயர்கள் பொறுத்தருள வேண்டும். டாக்டர்கள் ‘ருமட்டாய்டு’ என்று கூறும் முடக்குவாதம் நம் மனைவியாருக்குக் கண்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளைப் பகையெனக் கருதித் தாக்கும் நோய் இது. ஆடவரைவிடப் பெண்டிரை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுவது. அடியோடு நீங்குவதன்று; ஆயினும் காலத்தே மருந்து உட்கொண்டால் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அடங்கியிருக்கிறதா, மறுபடி தலைதூக்குகிறதா என்பதை எவ்வாறு அறிவது? அவ்விடத்தில்தான் நாம் பிழை செய்தோம்.

நாகபுரியில் டாக்டர் இந்தியில் வினவுவார். மனைவியாரின் இந்தி காய்கறிக் கடையோடு நின்றுவிடும். ஆகவே விடை கூறும் பொறுப்பை நாமே ஏற்றோம். அவர் ஐந்து நிமிடம் தமிழில் சொல்லுவதை நாம் இரண்டே சொல்லில் முடித்துவிடுவோம்: “தர்த் ஹை.” குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, விண்ணென்று தெறித்தல் என்று நம்மவர் வலிக்கு வைத்திருக்கும் பெயர்கள் அனைத்தும் நம் வாயில் ஒரே ‘தர்த்’ ஆயின. விறைப்பு என்று ஒன்றை அவர் நாள்தோறும் கூறிவந்தார். அதனை நாம் மொழிபெயர்க்கவே இல்லை. வலியில் அடங்கியதுதானே என்று எண்ணிவிட்டோம்.

அஃது அன்று. தேய்மானத்தால் வரும் மூட்டுவலியிலும் காலையில் விறைப்பு உண்டு. ஆனால் பெரும்பாலும் அரை மணிக்குள் இளகிவிடும். முடக்குவாதம் மூண்டிருக்கும்போது ஒரு மணி நேரமோ அதற்கு மேலுமோ விரல்கள் மடங்கா. அந்த நேரக்கணக்கு டாக்டருக்குப் பெரிதும் வேண்டிய செய்தி. இரத்தத்தில் பார்க்கும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகியவை மட்டும் போதா. இரத்தசோகை இருந்தாலே ஈ.எஸ்.ஆர். ஏறும், வேறு தொற்று வந்தால் சி.ஆர்.பி. ஏறும். சிலருக்கோ மூட்டு வீங்கியிருக்கையிலும் இரத்தம் சாதுவாகவே காணப்படும்.

இதை விளக்கிய டாக்டர், நாள்தோறும் ஓர் ஏட்டில் குறித்து வருமாறு பணித்தார். எழுந்த நேரம், விரல் இளகிய நேரம், பூஜ்யம் முதல் பத்து வரை வலியின் அளவு, அன்றைய சோர்வு. இவ்வளவுதான். பதிவேடு என்றால் நமக்குச் சொல்லவும் வேண்டுமா? அட்டை போட்ட ஏடு வாங்கிச் சிவப்பு மையால் கட்டங்கள் வரைந்தோம். பத்து நாள் ஒழுங்காக நடந்தது. பின்னர் இரவுப் பணி வந்தது. ஏடு அலமாரிக்குச் சென்றது. மருத்துவமனைக்குச் செல்லும் நாளுக்கு முன்னிரவு உட்கார்ந்து, விடுபட்ட பதினெட்டு நாட்களையும் நிரப்பினோம்: 4, 4, 5, 4. மனைவியார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“வலி உங்களுக்கா, எனக்கா?”

நமக்கு விடை வரவில்லை. தணிக்கைக்கு முந்தின நாள் ஒரே மையில் ஒரே கையால் எழுதப்பட்ட பதிவேடு எத்தகையது என்பதை ரயில்வேயில் பதினோர் ஆண்டு குப்பை கொட்டிய நாம் அறியாதவர் அல்லோம்.

அதன்பின் அவரே எழுதத் தொடங்கினார். கட்டம் போட்ட ஏட்டில் அன்று. அன்றாடம் கிழிக்கும் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில். “8-10க்குத் தோசைக் கரண்டி பிடிக்க வந்தது.” “குழாயை இடக்கையால் திருகினேன்.” “பெண்ணுக்குப் பின்னல் போட முடியவில்லை, ரிப்பன் கட்டி அனுப்பினேன்.” இவற்றோடு மூன்று நான்கு தாள்களில் ஒரே வாக்கியம் கண்டது: “காலை ஊன்றினால் கூழாங்கல்லின்மேல் நிற்பது போல.” நான்கு ஆண்டுகளில் கை, மணிக்கட்டு, முழங்கால் பற்றியே நாம் பேசியிருந்தோம். பாதத்தைப் பற்றி ஒருநாளும் கூறியதில்லை.

டாக்டர் நோயின் நிலையை அளக்க 28 மூட்டுகளை அழுத்திப் பார்ப்பார். தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல்கள், முழங்கால். அத்துடன் இரத்த அளவு ஒன்றும், நோயாளி தம் நிலையை 100 மில்லிமீட்டர் கோட்டில் தாமே இடும் குறியும் சேர்ந்து கணக்காகும். அந்த 28-இல் பாதம் சேராது! தாளைப் படித்துக் காட்டியதும் அவர் செருப்பைக் கழற்றச் சொல்லி முன்பாதத்தை இருபுறமும் அழுத்தினார். மனைவியார் அலறிவிட்டார். அம்மாத இரத்தச் சோதனையில் பெரிய குற்றம் ஏதுமில்லை. ஆயினும் படம் எடுத்துப் பார்த்து மருந்தின் அளவை உயர்த்தினார்கள்.

நோயாளியின் சொல்லைக் கணக்கில் எடுக்கும் இம்முறை நேற்று வந்ததன்று. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து டாக்டர் பிரைஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1980-இல் ஒரு வினாத்தாளை வெளியிட்டனர். உடுத்தல், எழுதல், உண்ணல், நடத்தல் முதலிய எட்டு வகையில் 20 வினாக்கள். ஒவ்வொன்றும் எளிதா, அரிதா, இயலாததா என்று நோயாளியே குறிக்க வேண்டும். இறைச்சியை வெட்டுதல், தொட்டியில் குளித்தல் என்றெல்லாம் அதில் உண்டு. தொட்டிக் குளியலுக்கு நாம் எங்கே போவது? நம் நாட்டு டாக்டர்கள் 2002-இல் இந்தியருக்கேற்ப ஒன்றை அமைத்து வெளியிட்டார்கள். குந்துதலும் சம்மணமிட்டு அமர்தலும் அதில் இடம்பெற்றன. தோசைக் கரண்டியையும் பின்னலையும் அவரவர் இல்லத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

தாளில் வலி ஏறியிருந்தால் அது முழுவதும் நோயே என்று கொள்ளலாகாது. உறக்கமின்மையாலும் ஏறும், பழைய சிதைவாலும் ஏறும். பிரித்தறிவது டாக்டரின் வேலை. தாளைப் பார்த்துத் தாமே மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் வேண்டா. இந்நோய்க்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை உட்கொள்ளும் மருந்து. மறதியால் நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே கேடு. ஆதலால் அந்தக் கிழமையின் தாளில் மறவாமல் ஒரு வட்டம் இடுவதுண்டு. ஈரலுக்கும் இரத்தத்துக்கும் உரிய சோதனைகளைத் தவறவிடவும் கூடாது.

இந்தி அறியாச் சகோதரிகளுக்குச் சில சொற்கள்: விறைப்பு ‘அகடன்’, வீக்கம் ‘சூஜன்’, எரிச்சல் ‘ஜலன்’, சோர்வு ‘தகாவட்’. மனைவியார் இவற்றை அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டி வைத்துள்ளார். அடுத்த பரிசோதனை இம்மாதக் கடைசியில். டாக்டரிடம் அவரே பேசப்போகிறாராம். நாம் வெளியே பெஞ்சில் அமர்ந்திருக்க வேண்டுமாம்.