டேங்க் பட்டையைக் கழற்றிப் பாருங்கள்

எஃப்.சி. நாள் நெருங்கியதும் பழைய லாரி பட்டறைக்கு வந்து நிற்கிறது. வாட்டர் சர்வீஸ் முடிந்த கையோடு பிரேக் லைனிங் பார்க்கிறோம், லைட்டுகளைச் சரிசெய்கிறோம், ஸ்டியரிங் ஆட்டத்தை எடுக்கிறோம். கடைசியாகச் சேசிஸ் முழுக்கக் கறுப்பு பெயின்ட் அடிக்கிறோம். டீசல் டேங்க்கைக் கட்டிப் பிடித்திருக்கும் இரண்டு பட்டைகள் மேலும் அதே கறுப்பு ஏறுகிறது. துரு பாதியைத் தின்றுவிட்ட பட்டைகூட அரை மணி நேரத்தில் புதுப் பட்டையாகத் தெரிகிறது. வண்டி சான்றிதழ் வாங்கிக்கொண்டு சாலைக்குப் போய்விடுகிறது. இந்தப் பழக்கத்தை நம் பட்டறைகள் கைவிட வேண்டும் என்று கேட்கவே இந்த மாத ஆசிரியர் உரை.

டேங்க் பட்டைக்கு நாம் கொடுக்க வேண்டிய கவனத்தைக் கொடுப்பதில்லை. அது சுழலாது, சத்தம் போடாது, அதற்கு ஆயில் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அது தாங்கும் பாரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் டீசல் ஏறத்தாழ 830 கிராம். 200 லிட்டர் டேங்க் நிரம்பினால் எண்ணெய் மட்டுமே 165 கிலோவுக்கு மேல். டேங்க்கின் சொந்த எடை தனி. இந்தப் பாரம் ஒரே இடத்தில் சும்மா இருப்பதும் இல்லை. பிரேக் அடித்தால் முன்னே பாய்கிறது, வளைவில் பக்கவாட்டில் மோதுகிறது, வேகத்தடையில் மேலே எழும்பி விழுகிறது. லாரியில் டேங்க்குக்குக் கீழே பிராக்கெட்டாவது இருக்கிறது. பல பிக்கப்களிலும் கார்களிலும் டேங்க் பட்டையை மட்டுமே நம்பித் தொங்குகிறது.

ஒரு பட்டை அறுந்தால் என்ன ஆகும்? டேங்க் ஒரு பக்கம் சாய்ந்து சப்ளை லைனையும் ரிட்டர்ன் லைனையும் இழுக்கும். குழாய் பிய்ந்தால் எண்ணெய் சாலையில் கொட்டும். பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரருக்கு அது உயிர் ஆபத்து. இரண்டாவது பட்டையும் விட்டுவிட்டால் டேங்க் தார்ச்சாலையில் உரசிக்கொண்டே போகும், தீப்பொறி பறக்கும். டீசல்தானே, பற்றாது என்று சொல்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். நம் நாட்டு டீசலுக்குத் தரக் குறியீடு கேட்கும் குறைந்தபட்ச ஃப்ளாஷ் பாயின்ட் 35 டிகிரி செல்சியஸ். சித்திரை வெயிலில் டேங்க்கின் தகடே அந்தச் சூட்டைத் தாண்டிவிடும்.

துரு எங்கே பிடிக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பட்டையின் வெளிமுகத்தில் காற்று படுகிறது, மழை நனைத்தாலும் காய்ந்துவிடுகிறது. உள்முகத்தில் பட்டைக்கும் டேங்க்குக்கும் நடுவே ரப்பர் பேக்கிங் இருக்கிறது. டேங்க் தேயாமல் காக்க வைத்த அந்த ரப்பர், வயதானதும் ஓரங்களில் விரிந்து தண்ணீரையும் சேற்றையும் உள்ளே வாங்கிக்கொள்கிறது, வாங்கியதை விடுவதில்லை. அந்த இடுக்கில் ஆக்சிஜன் குறைவு. ஓரத்தில் ஆக்சிஜன் அதிகம். இந்த ஏற்றத்தாழ்வே ஒரு சிறு பேட்டரி போல வேலை செய்து, உள்ளே இருக்கும் இரும்பைக் கரைக்கிறது. இரும்பைவிடத் துரு பல மடங்கு இடம் கேட்கும். அதனால் அது ரப்பரைத் தள்ளும், பட்டையை உப்ப வைக்கும், அடுத்த மழைக்கு இன்னும் அகலமான வாசலைத் திறந்து வைக்கும். கழற்றி எடுத்த பழைய பட்டையைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெளிப்பக்கம் பெயின்ட்டோடு நேராக இருக்கும், திருப்பினால் உள்பக்கம் துரு அடுக்கடுக்காகப் பெயர்ந்து, நகத்தால் நெம்பினாலே உதிரும். போல்ட்டை வெல்டு செய்திருக்கும் முனையில் இன்னும் மோசம். பெரும்பாலும் அறுவது அந்த இடத்தில்தான்.

கடலோரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது இரட்டிப்புக் கவலை. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டதும் தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதி ஈரப்பதமே போதும். ஆகவே தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பு ஏற்றும் லாரியின் பட்டை மழையே இல்லாத மாதத்திலும் நனைந்துகொண்டுதான் இருக்கிறது. மீன் ஏற்றும் வண்டிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெட்டியிலிருந்து உருகி வழியும் ஐஸ் தண்ணீர் உப்போடு சேர்ந்து சேசிஸ் வழியாக இறங்குகிறது. காசிமேட்டுக்கும் ராமேஸ்வரத்துக்கும் போய்வரும் மினி லாரியை அதே வயதுள்ள சேலத்து வண்டியோடு ஒப்பிடவே கூடாது. சென்னையில் 2015 டிசம்பரிலும் தூத்துக்குடியில் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் நின்ற வண்டிகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இன்ஜினுக்குள் தண்ணீர் போனதா என்று எல்லோரும் பார்த்தோம். பட்டை ரப்பருக்குள் போன சேற்றை எத்தனை பேர் எடுத்தோம்?

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் உரியதன்று. 2011-இல் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் ஏறத்தாழ 11 லட்சம் பிக்கப் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை 1997 முதல் 2004 வரையிலான எஃப்-150 மாடல்கள். காரணம் டேங்க் பட்டை. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில் பட்டைகள் அரித்து, டேங்க் கீழே இறங்கி, பெட்ரோல் கசிந்து தீப்பிடிக்கும் அபாயம் இருந்தது. அங்கே தயாரித்த நிறுவனமே கூப்பிட்டுப் பட்டையை மாற்றிக் கொடுத்தது. நம் ஊரில் 15 வயது டாடா 407-ஐயோ பழைய லேலண்டையோ யாரும் கூப்பிடப் போவதில்லை. அதன் பட்டையைப் பார்க்கும் கடைசி ஆள் பட்டறைக்காரர்தான்.

பார்ப்பது எப்படி? கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. பட்டையின் ஓரத்தில் காவி நிறக் கோடு வழிந்திருக்கிறதா, பட்டை ஓரிடத்தில் உப்பியிருக்கிறதா, டேங்க்கில் பளபளவென்று உரசல் தடம் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். உரசல் தடம் இருந்தால் பட்டை ஏற்கெனவே தளர்ந்து டேங்க் நகர்கிறது என்று பொருள். பிறகு சிறிய சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். நல்ல இரும்பின் ஓசையும் அரித்த இரும்பின் ஓசையும் நம் காதுக்குப் பிரித்துத் தெரியும். வளைவில் திரும்பும்போது இடது பக்கம் ‘தொம்’ என்று சத்தம் வருகிறது என்று டிரைவர் சொன்னால், லீஃப் பட்டையைத் தேடுவதோடு டேங்க் பட்டையையும் பாருங்கள். ஆனாலும் உறுதியான சோதனை ஒன்றுதான்: நட்டைத் தளர்த்தி, ரப்பரை விலக்கி, உள்முகத்தைப் பார்ப்பது. சி.என்.ஜி. சிலிண்டருக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை சோதனை என்று விதி இருப்பதால், அதன் கிளாம்பும் அப்போது கழன்று நம் கண்ணில் படுகிறது. டீசல் டேங்க் பட்டைக்கு அப்படி ஒரு கட்டாயத்தை நாமே ஏற்படுத்திக்கொள்ளலாம். 8 வயது தாண்டிய வணிக வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு. அந்த வருகையிலேயே இதையும் வைத்துக்கொண்டால் தனியாக வண்டியை நிறுத்த வேண்டியதில்லை.

மாற்றும் வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் விபத்து நடப்பது பெரும்பாலும் இங்கேதான். டேங்க்கில் எண்ணெய் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மிச்சத்தைக் கை பம்பால் மூடியுள்ள கேனுக்கு மாற்றுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பெட்ரோல் வண்டியாக இருந்தால் பிட்டுக்கு மேல் நிறுத்தி இந்த வேலையைச் செய்யவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. பள்ளத்தில் இறங்கித் தங்கும். காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே ஒரு பொறிக்குக் காத்திருக்கும் வெடிமருந்து அது. காலியான டேங்க் பாதுகாப்பானது என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். நிரம்பிய டேங்க்கைவிட ஆவி நிறைந்த காலி டேங்க்தான் அதிக ஆபத்து.

முந்தின நாள் மாலையே நட்டுகளில் துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். மறுநாள் வரவில்லையென்றால் ஆக்சா பிளேடால் பொறுமையாக அறுங்கள், அல்லது நட்டை உடைக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். கேஸ் கட்டிங், கிரைண்டர் இரண்டையும் டேங்க்குக்கு அருகே கொண்டுவராதீர்கள். அவசரத்தில் கிரைண்டரை எடுக்கும் இளம் பையனைத் தடுப்பது முதலாளியின் கடமை. அவன் பயமறியாதவன், நாம் அறிந்தவர்கள்.

டேங்க்குக்குக் கீழே பலகை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொண்டு, ஒரு பட்டையை முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். இரண்டையும் ஒன்றாக அவிழ்த்தால் டேங்க் உருளும், குழாய் மடியும், கேஜ் ஒயர் அறுந்துபோகும். பழைய பட்டை இறங்கியதும், அது இருந்த இடத்தில் டேங்க்கைத் துடைத்துத் தடவிப் பாருங்கள். பட்டையைத் தின்ற அதே துரு டேங்க்கையும் குழி பறித்திருக்கலாம். பிராக்கெட்டின் மூலையும் அப்படித்தான். குழி ஆழமாக இருந்தால் டேங்க்கை மாற்றச் சொல்லுங்கள்; எம்-சீல் தடவி அனுப்பாதீர்கள். ஒரு பட்டை மட்டும் போயிருக்கிறது என்றாலும் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். இரண்டும் ஒரே வயது, ஒரே தண்ணீர் குடித்தவை.

கம்பெனிப் பட்டை கிடைக்காத பழைய மாடல்களுக்கு நாமே பிளாட் வளைத்துச் செய்கிறோம். செய்யலாம். ஆனால் கனமாக இருந்தால் உறுதி என்று நினைத்துத் தடித்த பிளாட்டை எடுத்தால் அது டேங்க்கின் வளைவோடு ஒட்டாது. இரண்டு மூன்று இடங்களில் மட்டும் அழுத்தி அங்கேயே ஓட்டை போடும். பழைய பட்டையின் கனத்தையும் அகலத்தையும் அளந்து அதையே பின்பற்றுங்கள். ஓரங்களை அரத்தால் உருட்டிவிடுங்கள். போல்ட் வெல்டிங்கை வண்டிக்கு வெளியே, மேசையில் வைத்து முடியுங்கள். வெல்டிங் கசடு போகத் தேய்த்து, பிரைமரும் பெயின்ட்டும் இரண்டு முகத்திலும் அடித்து, காய்ந்த பிறகே மாட்டுங்கள். அரித்த பட்டையின் மேல் ஒரு துண்டு ஒட்டு வெல்டு செய்வது வேலையே ஆகாது. ஸ்டெயின்லெஸ் போட்டால் தீர்ந்தது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சாதாரண 304 ரகமும் உப்பு தேங்கும் இடுக்கில் புள்ளி புள்ளியாக அரிக்கும். ரப்பர் விலகி அது டேங்க்கின் இரும்பைத் தொட்டால், ஈரத்தில் அரிப்பு டேங்க் பக்கம் திரும்பும்.

பேக்கிங் விஷயத்தில் நாம் எல்லோரும் திருந்த வேண்டும். பழைய டியூபை வெட்டி வைப்பது பரவலான வழக்கம். டியூப் ரப்பர் டீசல் பட்டால் ஊறி உப்பிக் கொழகொழவென்று ஆகிவிடும். பட்டை தளர்வதற்கும் ஈரம் தங்குவதற்கும் அதுவே வழிசெய்கிறது. வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் டீசலோ வேஸ்ட் ஆயிலோ அடிக்கும் பழக்கமும் அதே கேட்டைச் செய்கிறது. எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர் பட்டி ஆட்டோமொபைல் கடைகளிலும் ரப்பர் கடைகளிலும் கிடைக்கிறது. பட்டையைவிடச் சற்று அகலமாக வெட்டி வையுங்கள். நட்டை வாகனக் கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்கி, லாக் நட்டும் போடுங்கள். டேங்க் நிரம்பிச் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ரப்பர் அமுங்கியிருக்கும். அப்போது ஒருமுறை வரச் சொல்லி மறுபடி முடுக்குவது வேலையின் பகுதிதான், இலவச உபகாரமன்று.

ஓனர் மறுப்பார், தெரியும். “பெயின்ட் அடிச்சுக் கொடுங்க அண்ணே, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்பார். அவர் கையில் அந்த ரப்பரை விலக்கிக் காட்டுங்கள், வாயால் விளக்குவதைவிட அது நன்றாக வேலை செய்யும். அதற்குப் பிறகும் மறுத்தால், பட்டை மாற்றப்படவில்லை என்று பில்லில் எழுதிக் கொடுங்கள். கழற்றிப் பார்த்ததற்கான கூலியைத் தனி வரியாகப் போட்டு வாங்குவதற்கு யாரும் கூச்சப்பட வேண்டாம். கூலி இல்லாத சோதனை இரண்டு மாதத்தில் நின்றுவிடும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கழற்றிய பட்டையை எடைக்குப் போடும்முன் உள்முகம் தெரிய ஒரு படம் எடுங்கள். வண்டியின் மாடல், வயது, ஓடும் பாதை, ஏற்றும் சரக்கு, பட்டை எந்த இடத்தில் அரித்திருந்தது என்ற விவரங்களோடு இதழுக்கு அனுப்புங்கள். வண்டி எண்ணும் ஓனர் பெயரும் வேண்டாம். வருகிறவற்றைத் தொகுத்து, எந்தப் பாதையில் ஓடும் வண்டிக்கு எத்தனை வயதில் பட்டையைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று எல்லாப் பட்டறைகளுக்கும் பயன்படும் ஒரு அட்டவணையாக வெளியிடுவோம்.