கிண்ணத்தின் மேல் ஏன் பழி?

2018 ஜனவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலக் கீழவையின் பெரும்பான்மையை ஒரு பீங்கான் கிண்ணத்தில் நடந்த குலுக்கல் முடிவு செய்தது, மக்கள் தீர்ப்பை அதிர்ஷ்டம் பறித்தது என்கிறார்கள். கதை நன்றாயிருக்கிறது. நடந்தது வேறு.

ஒன்று: 94ஆம் தொகுதியில் குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சி, ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸ் இருவருக்கும் தலா 11,608 வாக்குகள். சமநிலை வந்தால் குலுக்கல் என்பது அம்மாநிலச் சட்டம்; கிண்ணத்திலிருந்து வந்தது யான்சியின் பெயர். பறித்தது எங்கே?

இரண்டு: மறுஎண்ணிக்கையில் யான்சி ஒரு வாக்கில் தோற்றிருந்தார். இரு பெயரையும் குறித்து ஒன்றை அடித்திருந்த வாக்குச்சீட்டை மறுநாள் மூன்று நீதிபதிகள் அவர் கணக்கில் சேர்த்தார்கள்; சமநிலை அப்படித்தான் வந்தது. சண்டை போடுவதென்றால் அந்தச் சீட்டுக்காகப் போடுங்கள்.

மூன்று: மாநிலம் முழுக்க ஜனநாயகக் கட்சிக்குச் சுமார் 53 சதவீத வாக்கு, கிடைத்ததோ 100க்கு 49 இடம். இதையும் கிண்ணமா செய்தது? போட்டியே இல்லாத தொகுதிகளுக்கும் இதில் பங்குண்டு, சரி. 2011இல் வரைந்த தொகுதி எல்லைகளைப் பற்றி மட்டும் ஏன் யாரும் பேசுவதில்லை? அவற்றில் 11 தொகுதிகள் இனத்தை வைத்துப் பிரிக்கப்பட்டவை, செல்லாது என்று 2018 ஜூனில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 94உம் சேர்த்து எல்லைகள் திருத்தப்பட்டன. 2019இல் அதே சைமண்ட்ஸிடம் யான்சி தோற்றார், குலுக்கல் தேவைப்படவில்லை.