பழுதுபார்க்கும் உரிமையைப் பூட்டாதே!

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் மலையேறினால் வருவது கம்பம்மெட்டு. சோதனைச்சாவடிக்கு ஒருபுறம் தேனி மாவட்டம். மறுபுறம் இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலை வட்டம். ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தமிழகத் தொழிலாளர்களை ஜீப்புகள் சுமந்து செல்கின்றன. இருசக்கர வாகனங்களை நம்பியிருப்பவர்களும் உண்டு. ஏற்றமும் இறக்கமுமான இச்சாலையில் பிரேக் ஷூவும் கிளட்ச் பிளேட்டும் சமவெளியைக் காட்டிலும் விரைவில் தேய்கின்றன. வண்டி நின்றுவிட்டால் அன்றைய கூலி போயிற்று. ஆகவே, சாலையோரத்தில் ஸ்பேனரும் பஞ்சர் ஒட்டும் சாமான்களுமாக அமர்ந்திருக்கும் மெக்கானிக்கின் கடை, இங்கே நியாயவிலைக் கடையைப் போலவே தேவையான ஒன்று.

அத்தகைய கடைகள்தான் இன்று நாடெங்கும் நெருக்கடியில் உள்ளன. மெக்கானிக்குகளுக்குத் தொழில் மறந்துவிடவில்லை. தொழிலின் திறவுகோலை உற்பத்தி நிறுவனங்கள் தம்மிடம் வைத்துக்கொண்டன.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. பெரும்பாலான புதிய வண்டிகளில் கார்புரேட்டர் மறைந்தது. எரிபொருளை அளந்து செலுத்தும் மின்னணு அமைப்பும், சென்சார்களும், அவற்றை ஆளும் கட்டுப்பாட்டுக் கருவியும் வந்தன. காற்று மாசு குறைய வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. நகரத்துப் புகையை அதிகம் சுவாசிப்பவர்கள் உழைக்கும் மக்களே. ஆனால் என்ஜின் ஓசையைக் கேட்டே கோளாறைச் சொல்லிவந்த மெக்கானிக், இப்போது ஸ்கேனர் இல்லாமல் பல கோளாறுகளைக் கண்டறிய முடியாது. ஸ்கேனரோ, அதன் மென்பொருளோ, பழுதுநீக்கும் கையேடோ வெளிக்கடைகளுக்கு எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ஒரு நிறுவனத்தின் வண்டிக்குப் பொருந்துவது மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை. மின்சார ஸ்கூட்டர்களில் இந்தப் பூட்டு இன்னும் இறுக்கமானது.

இத்துடன் உத்தரவாத நிபந்தனை சேர்கிறது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்துக்கு வெளியே கை வைத்தால் உத்தரவாதம் போய்விடுமோ என்ற அச்சத்தில், மலைக்கிராமத்துத் தொழிலாளி நெடுங்கண்டத்துக்கோ கட்டப்பனைக்கோ கம்பத்துக்கோ வண்டியைக் கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது. சர்வீஸ் கட்டணத்தோடு ஒருநாள் கூலியும் செலவுக் கணக்கில் ஏறுகிறது. அங்கே கடன் சொல்லவும் முடியாது.

இது சட்டத்துக்குப் புதிய கேள்வியன்று. உதிரிபாகங்களையும் கோளாறறியும் கருவிகளையும் வெளிக்கடைகளுக்குத் தர மறுத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்து, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்கும் நீதிமன்றங்களுக்கும் சென்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் 2012-லேயே வாகனங்களுக்கான பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். முதலாளித்துவத்தின் தலைமைப் பீடத்திலேயே ஏற்கப்பட்ட கோரிக்கை இது. இங்கே ஒன்றிய அரசு 2022 ஜூலையில் குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இணையதளம் தொடங்கியது. நிறுவனங்கள் தாமாக விரும்பித் தரும் விவரங்கள் அதில் இடம்பெறுகின்றன. மறுத்தால் தண்டிக்கும் தனிச் சட்டம் வரவில்லை. 2025 செப்டம்பரில் 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது எழுந்த விற்பனைக் கொண்டாட்டத்தில், அந்த வண்டிகளைப் பழுதுபார்ப்பவரை யாரும் நினைக்கவில்லை.

கடை வைத்திருப்பவர் வியாபாரிதானே, அவர் பிரச்சனை நமக்கு எதற்கு என்று நம் தோழர்கள் சிலரே கேட்பதுண்டு. அவர் கையிலுள்ள மசகைப் பார்த்தால் விடை தெரியும். வாடகைக் கடையில், தன் உழைப்பையே விற்றுப் பிழைப்பவர் அவர். கடை மூடினால் அவரும், உடன் தொழில் பழகும் இளைஞர்களும் கூலிக்குறைவான வேலையைத் தேடித்தான் போக வேண்டும்.

பழுதுபார்க்கும் தகவலையும் கருவியையும் நியாயமான விலையில் தரும் கடமையை உற்பத்தி நிறுவனங்கள் மீது ஒன்றிய அரசு சட்டப்படி சுமத்த வேண்டும். வெளியே பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை மறுப்பது தடைசெய்யப்பட வேண்டும். அதுவரை காத்திருக்கவும் இயலாது. ஒரு வட்டாரத்துக் கடைகள் கூட்டுறவாக இணைந்து ஸ்கேனர் வாங்கக் கூட்டுறவு வங்கிகள் குறைந்த வட்டியில் கடன் தரலாம். ஐடிஐ-களில் அவர்களுக்கு மாலைநேரப் பயிற்சி தொடங்கலாம்.

எல்லைப் பகுதிக்கென்று தனியாக ஒன்று உண்டு. தமிழகத்தில் ஓட்டுநர்களுக்கும் வாகனப் பழுதுபார்க்கும் தொழிலாளர்களுக்குமான நல வாரியம் இருக்கிறது. கேரளத்திலும் ஒர்க் ஷாப் தொழிலாளர்களுக்கு நலநிதித் திட்டம் இருக்கிறது. இரண்டும் மாநில எல்லைக்குள் இயங்குபவை. தேனி மாவட்டத்தில் குடியிருந்து இடுக்கியில் ஸ்பேனர் பிடிப்பவர் எதில் சேருவார்? இரு மாநில அரசுகளும் பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி இது. எல்லையின் இருபுறத்துத் தோழர்களும் கடை கடையாகச் சென்று, வாரியத்தில் பதிவு பெற்றவர் யார், விடுபட்டவர் யார் என்ற பட்டியலைத் தயாரிப்பதிலிருந்து அந்தப் பேச்சைத் தொடங்கலாம்.