சுடுகாட்டுக்குத் தெரிந்த சாதி பதிவேட்டுக்குத் தெரியாதா?

பொணத்தை எந்தப் பாதையில் தூக்கிப் போகணும், எந்தச் சுடுகாட்டில் எரிக்கணும் என்பதில் ஊருக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. அதே சாவை அரசாங்கம் எழுதும்போது மட்டும் சாதி காணாமல் போகிறது. இறப்பு அறிக்கைப் படிவத்தை எடுத்துப் பாருங்கள் தோழர்களே. செத்தவர் புகை பிடிப்பாரா, புகையிலை போடுவாரா, குடிப்பாரா, எத்தனை வருசமாக என்று கேட்கிறது. மதம் கேட்கிறது. சாதி கேட்பதில்லை. சாவுக்குக் காரணம் நம்ம பழக்கமாக இருக்கலாம். அவர்கள் பழக்கமாக இருக்கக் கூடாது!

எழுதினால் சாதி வளரும் என்பார்கள். எழுதாததால் செத்துப்போச்சா? ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கை சொல்கிறது: இந்தியாவில் தலித் பெண் சாகும் சராசரி வயது 39.5, மேல்சாதிப் பெண்ணுக்கு 54.1. 2010-11இல் ஒன்பது மாநிலங்களில் அரசு எடுத்த சுகாதாரக் கணக்கை வைத்து 2022இல் ஓர் ஆய்வு வந்தது. தலித்துகளின் ஆயுள் மேல்சாதி இந்துக்களைவிட 3 வருசத்துக்கும் மேல் குறைவு. அந்தக் குறைவில் பாதிகூட வறுமைக் கணக்கில் அடங்கவில்லை. அப்போ மிச்சம் எது?

அந்த ஒன்பதில் தமிழ்நாடு இல்லை. நாம் முன்னேறிய மாநிலமாம். சராசரி நல்லா இருக்காம். ஊரும் சேரியும் ஒண்ணாக் கலக்கிற ஒரே இடம் இந்தச் சராசரிதான்!

கம்பம் பள்ளத்தாக்குக்கு வாருங்கள். விடியுமுன்னே ஜீப்பில் அடைபட்டு, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிற நம்ம பெண்கள் எத்தனை பேர்? பூச்சிமருந்தை ஏராளமாகக் குடிக்கிற பயிர் ஏலம். மருந்தடித்த செடிக்கு அடியில் குனிந்து காய் எடுக்கிறவள் மூச்சு வாங்குவது கேரளத்தில். நோயில் விழுந்து கிடப்பது தேனி மாவட்டத்தில். எந்த அரசின் கணக்கில் அவள் வருவாள்? செத்தபின் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதினால் தீர்ந்தது. என்ன மருந்தைச் சுவாசித்த கூலி?

கணக்கு எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் காசர்கோடு சாட்சி. முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்த ஊர்களில் சனங்கள் போராடி, பாதிக்கப்பட்டவர்களைப் பட்டியல் எடுக்க வைத்தார்கள். 2011இல் உச்சநீதிமன்றம் அந்த மருந்தைத் தடுத்தது; 2017இல் ஆளுக்கு 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. இடுக்கி ஏலத்துக்கும் அடித்த மருந்துதான் அது. அடித்த கைகளின் பட்டியல் எங்கே?

கிராமத்துச் சாவை எண்ண முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வு தொடங்கியது. 49,311 பெண்களைப் பரிசோதனைக்கு ஒதுக்கினார்கள். 30,958 பெண்களை, ஒப்பிட்டுப் பார்க்க, அந்தப் பரிசோதனை இல்லாமல் விட்டார்கள். 2007இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: பரிசோதனைக்கு ஒதுக்கிய பக்கம் அந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதம் குறைவு. அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் மலிவான பரிசோதனை, பயனுள்ள முடிவு. மறுக்கவில்லை. ஆனால் விட்டுவைத்த பெண்களின் சாவையும் ஊர் ஊராக எண்ணத் தெரிந்த மருத்துவத்துக்கு, ஏலக்காட்டுப் பெண்ணின் சாவை எண்ண வழி தெரியாதா? வழி தெரியும். மனசு இல்லை.

எண்ணிக்கையை மறைப்பது பழைய தந்திரம். 1932இல் லோதியன் கமிட்டி முன் தீண்டப்படாதார் தொகையையே குறுக்கிக் காட்டினார்கள் சாதி இந்துக்கள். அம்பேத்கர் அங்கே எண்ணுக்காகத்தான் மல்லுக்கு நின்றார்.

நாம் கேட்பது இதுதான். இறப்புப் படிவத்தில் சாதியும், செய்த வேலையின் முழு விவரமும் வேண்டும். எல்லை தாண்டும் தோட்டத் தொழிலாளரின் உடல்நிலையைத் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து ஆய்வு செய்து, வெளியிட வேண்டும். தேனியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கிற நம்ம பிள்ளைகள் ஆய்வுக்குத் தலைப்பு தேடி அலைய வேண்டாம், சேரிக்கு வாருங்கள். அதுவரை தோழர்கள் சும்மா இருக்கக் கூடாது. சேரிக்கு ஒரு நோட்டு போடுங்கள்: வயசு, வேலை, எத்தனை வருசம், என்ன நோய், எப்போ சாவு. அந்த நோட்டோடு கலெக்டர் ஆபீசுக்குப் போவோம்.