கணினியில் ஒரு பாகப்பிரிவினை

பாகப்பிரிவினை என்றதும் வாரிசுரிமைச் சட்டம் பற்றி எழுதப்போகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் மதரஸாவின் லினக்ஸ் கணினியைப் பற்றியே எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் லினக்ஸைப் பயன்படுத்துவார்களாயின் இது அவர்களுக்கு உதவக்கூடும்.

எங்கள் கணினியின் வன்தட்டு இரண்டு பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. முதற்பங்கான 25 ஜிபியில் கணினியை இயக்கும் மென்பொருள்கள். அதனையடுத்த பெரும்பங்கில் எங்கள் கோப்புகள். மறைந்த எங்கள் உஸ்தாத் அவர்களின் தஃப்ஸீர் பாட ஒலிப்பதிவுகளும் அதில்தான் இருந்தன. அவற்றுக்கு வேறு பிரதி எங்கும் இல்லை. முதற்பங்கு நிரம்பிவிட்டதால் தேர்வுத் தாளைக்கூட அச்சிட இயலவில்லை. பெரும்பங்கிலோ இடம் வெறுமனே கிடந்தது. வேலியைச் சற்றுத் தள்ளி நட்டால் போதும் என்று நினைத்தேன்.

ஒவ்வொரு பங்குக்கும் வெளியே ஓர் எல்லையும், உள்ளே கோப்புகளை ஒழுங்குபடுத்தும் ஒரு முறைமையும் உண்டு. சுருக்கும்போது முறைமையை முதலில் சுருக்கிவிட்டு, பிறகே எல்லையை உள்ளிழுக்க வேண்டும். விரிக்கும்போது எல்லை முதலில், முறைமை பிறகு. வரிசை மாறிச் சுருக்கினால், எல்லைக்கு வெளியே விழும் கோப்புகள் போனவையே. ஜிபார்ட்டட் என்னும் இலவச மென்பொருள் இவ்வரிசையைத் தானே பேணிக்கொள்ளும். லினக்ஸில் பெரிதும் வழங்கும் எக்ஸ்ட்4 முறைமையை இயங்கும்போதே விரிக்கலாம். சுருக்கும்போது அது பயன்பாட்டில் இருத்தல் கூடாது. எனவே பென்டிரைவிலிருந்து கணினியைத் துவக்கிக்கொண்டு இதனைச் செய்கிறார்கள்.

எங்களுக்கு மற்றொரு சிக்கலும் இருந்தது. காலியிடம் முதற்பங்கை ஒட்டியே இருந்தாக வேண்டும். பெரும்பங்கின் கடைசியில் இருந்து பயனில்லை. ஆகவே பெரும்பங்கு முழுவதையும் பின்னோக்கி நகர்த்த வேண்டியதாயிற்று. பல மணி நேர வேலை. இடையில் தடைப்பட்டால் பாதி பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலுமாகச் சிதறிவிடும்.

நான் பொத்தானை அழுத்தப்போகும் வேளையில், அருகில் நின்ற மாணவர், "ஹஜ்ரத், பிரதி எடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்று அஸருக்குப் பின் ஒரு வெளித்தட்டில் நகலெடுக்கத் தொடங்கினோம். முடிய இஷா ஆயிற்று. சில பதிவுகளைத் திறந்து கேட்டும் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் காலையில் நகர்த்தத் தொடங்கினோம். லுஹருக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் மின்சாரம் நின்றது. பழைய யூபிஎஸ் சில நிமிடங்களே தாங்கிற்று. அதன்பின் பெரும்பங்கு திறக்கவே இல்லை.

பழுதான பங்கை நீக்கி, முதற்பங்கை 60 ஜிபியாக விரித்து, எஞ்சிய இடத்தில் புதுப்பங்கு அமைத்து, நகலைத் திரும்ப ஏற்றினோம். பிரதி கையிலிருக்கும்போது, நகர்த்துவதைவிட இதுவே விரைவான வழி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகும் கணினி பாதியிலேயே நின்றது. ஒவ்வொரு பங்குக்கும் ஒரு நீண்ட அடையாளக் குறி உண்டு. எஃப்எஸ்டேப் என்னும் கோப்பில் பழைய பங்கின் குறியே இருந்தது. அதனைத் திருத்தியதும் கணினி எழுந்தது, அல்ஹம்துலில்லாஹ்!

அன்று மஃரிபுக்குப் பின் உஸ்தாத் அவர்களின் குரலை மாணவர்களுக்கு ஒலிக்கச் செய்தோம். கேள்வி கேட்ட மாணவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். அந்த வெளித்தட்டு இப்போது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது.